பன்னிரண்டரை வரை

பீல் நகரில், மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்குப் பின்னால்,
சலவைக்கூடத்துக்குக் கீழே ஒரு மண்டபம்.
வாடகைப் படிவத்தில் என் கையெழுத்து.
ஜெர்மன் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
முப்பத்தொன்று டிசம்பர், வெள்ளி,
இரவு ஏழிலிருந்து பன்னிரண்டரை வரை.
பிந்தினால் அரைமணிக்கு நாற்பது பிராங்.

"கூட்டத்தின் பெயர்?"
கட்டடக் காவலர் ஸ்பின்டன்
பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.
போதகர் ஜெபநாயகம் எழுதித் தந்ததைச்
சொல்லுக்குச் சொல் ஜெர்மனாக்கினேன்:
ஆயிரம் வருச ராச்சியம்.

பேனா நின்றது.
"அந்தச் சொல் வேண்டாம்.
நான் பாசலில் பள்ளிக்கூடம் போன நாளில்
ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வானொலி
அதையே சொல்லிக்கொண்டிருந்தது.
ஓடியது பன்னிரண்டு வருசம்.
இந்தக் கரையில் நாங்கள்
ஜன்னலுக்குக் கறுப்புத்துணி கட்டிப் படுத்தோம்."
படிவத்தில் 'பிரார்த்தனை' என்று மட்டும் போட்டார்.

லத்தீன் சொல்லில் சிக்கல் இல்லை.
மில்லேனியம்: ஆயிரமும் ஆண்டும் ஒட்டவைத்த பண்டம்.
கூப் கடையில் சொக்லேட் பெட்டியிலும்
கழிவறைக் காகிதத்திலும் அச்சடித்திருந்தது.

"அதுவும் பிழை" என்றார் ஸ்பின்டன்.
முப்பது வருசம் பற்சக்கரம் பூட்டிய கை.
"ஆண்டு எண்ணத் தொடங்கிய துறவிக்குப்
பூச்சியம் தெரியாது. ஒன்றில் தொடங்கினான்.
ஆயிரம் முடிய ஆயிரமும் முடியவேண்டும்.
நீங்கள் ஒரு வருசம் முந்தி வருகிறீர்கள்.
பூச்சியம் உங்கள் பக்கமிருந்து வந்ததுதானே?
இங்கே வந்து சேரப் பிந்திவிட்டது."
அதற்கும் அனுமதி கிடைக்கக்
காலம் எடுத்திருக்கும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

எங்கள் மொழியில் ஆயிரம் ஒரு கணக்கா?
ஆயிரம் தரம் சொன்னேன் என்றால்
நாலு தரம் சொன்னது.
கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர்.
என்னுடையது மூன்று போகம்.

அன்றிரவு அறுபது பேர்.
போதகர் சுவரில் படம் ஒட்டியிருந்தார்:
பறவைநாகம், சங்கிலி,
அடியில்லாக் குழி, திறப்பேந்திய தூதன்.
ஆயிரம் வருசம் அதைக் கட்டிவைத்திருக்கும் காலமே
மெய்யான மில்லேனியம் என்றார்.
இயேசு அதற்கு முன்பு வருவாரா, பின்பா என்று
ரோல்ஸ் தட்டைப் பிடித்தபடி
குலாசும் டெய்சிராணியும் சண்டை.
இரண்டுமில்லை, அது எண்ணே அல்ல,
இப்போதே நடக்கிறது என்றான்
லவுசானில் இருந்து வந்த பெடியன்.
அவனுக்கு யாரும் பிளேன்டீ ஊற்றவில்லை.

சட்டைப்பையில் என் அட்டை.
இங்கே அகதி மனுவின் அட்டைக்கு ஆங்கில எழுத்து என்.
என் அட்டை என்றுதான் சொல்கிறோம்,
எனதில்லாத ஒன்றை.
ஆறு மாதம் அதன் ஆயுள்.
மார்ச் ஒன்பதில் முடிகிறது.

பன்னிரண்டுக்கு வெளியே வெடி கேட்டது.
மூன்று பேர் மேசைக்கடியில் போனார்கள்,
டெய்சிராணி தட்டோடு.
பிறகு யாரோ சிரித்தார்கள்.
பிறகு எல்லோரும்.
ஒருவரும் மேலே எடுத்துக்கொள்ளப்படவில்லை.
மின்சாரம் போகவில்லை. கணினிகளும் விழவில்லை.
போதகர் நாகத்தின் கழுத்துச் சங்கிலியில் நின்றார்.
நான் மணிக்கூட்டைக் காட்டினேன்.

கதிரைகளைப் பத்துப் பத்தாய் அடுக்கினோம்.
நாகத்தைச் சுருட்டி றப்பர் வளையம் போட்டோம்.
பன்னிரண்டு இருபத்தெட்டுக்குத்
திறப்பைக் கொடுக்கப் படியேறினேன்.
ஸ்பின்டன் பனியில் நின்றார், தொப்பியில்லாமல்,
கையில் அடுத்த வருசத்து நாட்குறிப்பு.

"முப்பத்தொன்று டிசம்பர், இரண்டாயிரம்.
ஞாயிறு. அதுதான் சரியான இரவு.
மண்டபம் இன்னும் யாரும் கேட்கவில்லை."

மார்ச் ஒன்பது என்று சொல்ல வாயெடுத்தேன்.
குளிரில் பேனா எழுத மறுத்தது.
அவர் வாங்கி, உள்ளங்கையில் உருட்டிச்
சூடாக்கித் தந்தார்.

ஏழிலிருந்து என்று எழுதினேன்.
எதுவரை என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.