ஒன்றரை மடங்கு

செந்தூல் தீமோரில் ஏறி
மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்குவதற்குள்
பதினெட்டு நிமிட வரிச்சட்டப் பாடம் முடிந்துவிடும்,
ஒன்றரை மடங்கில் ஓடவிட்டால்.
புவான் ரொஹானி மூச்சே விடமாட்டார்.
அவர் தண்ணீர் குடிப்பதும் தொண்டையைச் செருமுவதும்
தித்திவங்சாவைத் தாண்டும்போது
கொசு கடித்த மாதிரி வந்து போகும்.

அதே விரல், அதே பொத்தான்.
பிந்துலுவிலிருந்து நீ அனுப்பும் குரலையும்
அப்படித்தான் கேட்டு வந்தேன்
இரண்டு வருடமாய்.

நீ நிதானமாகப் பேசுகிறவன்.
ஒரு சொல்லை எடுத்து, துடைத்து,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
அப்புறம்தான் கீழே வைப்பாய்.
பெண் பார்க்க வந்த அன்று
உன் வணக்கம் முடிவதற்குள்
கேசரி ஆறிவிட்டதென்று
யோகவாணி இன்னும் சிரிக்கிறாள்.

ஒன்றரையில் நீ வேறு ஆள்.
சம்பளம் போட்டாச்சு மழை மூணாவது பாய்லர்ல வேலை
சாப்பிட்டியா பிள்ளை சாப்பிட்டாளா வைக்கிறேன்.
முப்பது விநாடி.
நான் ஒரு கட்டைவிரல் படத்தைப் போடுவேன்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை விமானத்தில் வருவாய்.
மாமாக் கடையில் எதிரே உட்கார்ந்து
"அங்க ஒரு… ஈபான் பையன்…" என்று தொடங்குவாய்.
தே தாரேக்கில் ஆடை கட்டும்.
என் விரல் மேசைமேல்
தானாக எதையோ அழுத்தும்.
நீ அதைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல ஆரம்பித்திருந்தாலும்
முடிப்பதற்குள் விமானத்துக்கு நேரமாகியிருக்கும்.

மகள் மட்டும் என்னவாம்?
ஆசிரியை பதிந்தனுப்பிய ஏழாம் வாய்ப்பாட்டை
இரண்டு மடங்கில் கேட்டுக் கேட்டு
வகுப்பில் சிட்டுக்குருவி மாதிரி ஒப்பித்தாளாம்.
ஏழேழு நாற்பத்தொன்பது சரி,
ஏன்மா இந்தக் குரல் என்றதற்கு
"இது உங்க குரல்தான் டீச்சர்" என்றாளாம்.

போன செவ்வாய் மின்தூக்கி பழுது.
பதினோராம் மாடிவரை படி.
இரண்டு கையிலும் பை, காதில் கருவி.
முந்தின இரவுதான் கைப்பேசி
தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு
என் பழக்கங்களை மறந்திருந்தது.
ஏழாம் மாடியில் மூச்சு வாங்க நின்று
உன் பதிவை மோவாயால் தட்டிவிட்டேன்.

முதலில் ஒரு கதவு சாத்தப்பட்டது.
பிறகு தகரத்தில் மழை.
யாரோ சிரித்தார்கள், ஓய்ந்தார்கள்.
அவர்கள் ஓயும்வரை
நீ காத்திருந்தாய்.
எச்சில் விழுங்கினாய்.
"மிருது…" என்றாய்.

இரண்டு வருடமாய் ஒவ்வொரு பதிவிலும்
அது இருந்திருக்க வேண்டும்.
ஒன்றரையில் நசுங்கி
வெறும் 'ம்து' ஆகியிருந்தது.
நீ கனைப்பதாக நினைத்திருந்தேன்.

படியில் உட்கார்ந்தேன்.
பையிலிருந்து ஒரு வெங்காயம் நழுவி
தன் வேகத்தில்
ஆறாம் மாடிக்கு இறங்கிப் போனது.

பழைய பதிவுகளைத் தேடினேன்.
இடமில்லை என்று கைப்பேசி நச்சரித்ததால்
ஜூன் மாதமே மொத்தமாய் அழித்திருக்கிறேன்.

அன்றிரவு உனக்குப் பதில் பேசினேன்.
நான்கு நிமிடம்.
பாதிக்குமேல் ஒன்றுமே இல்லை அதில்.
மின்விசிறியின் கிரீச்,
கீழே உணவு கொண்டுவந்த பையனின் மோட்டார்சைக்கிள்,
மகள் தூக்கத்தில் ஏழெட்டு என்று நின்றது.
எதையும் வெட்டாமல் அனுப்பினேன்.
நீலக் கோடு விழுந்தது. நீ எழுதுவதாகக் காட்டியது,
நின்றது, மறுபடி காட்டியது.
நான் தூங்கிப் போனேன்.

காலையில் ரயிலில்தான் பார்த்தேன்:
"ரெண்டு மடங்குல வச்சும் மெதுவாத்தான் இருக்கு.
உடம்பு சரியில்லையா?"

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
எதிரே நின்ற பெண்
ஒரு காதுக் கருவியைக் கழற்றி
என்னைப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டாள்.

புவான் ரொஹானி வரிவிலக்கை விரட்டிக்கொண்டிருந்தார்.
தேர்வு இருபத்திரண்டாம் தேதி.
அவரை அப்படியே ஓடவிட்டேன்.