கறுப்பு அறியாத கண்

இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்
விடிவதற்குள் மஞ்சள் பைகள் வாசலுக்கு வந்துவிடும்.
வுப்பர்டாலின் சரிவான தெருக்களில்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும்.
இவற்றை நான் மஞ்சப்பை என்று சொல்வதில்லை.
தேங்காயும் வெற்றிலையும் சுமந்த பெயரை
நகம் பட்டால் கிழியும் இதற்கு வைக்க மனம் வரவில்லை.

தொங்கும் ரயில் ஆற்றின் வளைவோடு வளைந்து போகிறது.
கம்பியைப் பிடித்து நின்றபடி
ஒவ்வொரு பைக்குள்ளும் என் தட்டுகளைத் தேடுவேன்.
இறால் தட்டு. காளான் தட்டு.
கிறிஸ்துமஸுக்கு மட்டும் வரும் வாத்து நெஞ்சுத் தட்டு.
எல்லாம் கறுப்பு, எல்லாம் நான் வரைந்தவை.
மூலையின் வளைவு ஏழு மில்லிமீட்டர்.
அந்த ஏழுக்காக ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறேன்.

கறுப்பில் வைத்தால்தான் இறைச்சி சிவக்கும்
என்றார் டீக்மன்.
உண்மைதான். சிவந்தது, விற்றது.
அடியில் மூன்று அம்புகளை
ஒன்றின் வாலை ஒன்று துரத்தும்படி பொறித்துக் கொடுத்தேன்.

தரம் பிரிக்கும் ஆலைக்குப் போனது போன மார்ச்சில்.
பதினொரு வருட வேலையில்
அதுதான் முதல் தடவை.
ஆரஞ்சு மேலங்கி ஒன்றை மாட்டிவிட்டு
ஷிப்டு மேற்பார்வையாளர் மிரோஸ்லாவா முன்னே நடந்தாள்.
புளித்த பால் வாடை.
நொடிக்கு மூன்று மீட்டர் ஓடுகிறது
ஒரு ஊரின் ராச்சாப்பாடு.
மேலே, சிவப்புக்கும் அப்பாலிருந்து ஓர் ஒளி.
பட்டுத் திரும்புவதைப் படித்து
இது இன்னதென்று இயந்திரம் சொல்லும்.
சொன்ன கணத்தில் கீழிருந்து புஸ்ஸென்று காற்று.
தயிர்க் கிண்ணம் ஒரு பக்கம் தாவும்,
ஷாம்பூ புட்டி மறுபக்கம்.

என் தட்டு வந்தது.
என் ஏழு மில்லிமீட்டர் எனக்குத் தெரியாதா?
காற்று ஊதவில்லை.
இன்னொன்று வந்தது.
ஊதவில்லை.
பெல்ட் முடிகிற இடத்தில் விழுந்தது
ஈர டயப்பரோடும் பல் போன சீப்போடும்.

"கறுப்பு ஒளியைக் குடித்துவிடும்," என்றாள்,
"திருப்பித் தராது.
அதனால் அங்கே ஒன்றுமே இல்லை,
வெறும் பெல்ட்தான் ஓடுகிறது அதன் கணக்கில்."
எங்கே போகும் என்று கேட்டேன்.
சிமெண்ட் சூளைக்கு.

திரும்பும் வழியில்
என் தோலை வைத்து இதில் ஒரு உவமை செய்யலாம் என்று தோன்றியது.
செய்யவில்லை.
என்னைப் பார்க்காமல் கடந்த கண்கள் இங்கே உண்டுதான்,
அது வேறு கணக்கு.
இந்தத் தட்டைச் செய்தது நான்.

புதிய தட்டு வடித்த கஞ்சியின் நிறம்.
ஒரே பொருள், பசை கிடையாது,
மூடியும் அதே பொருளில்,
ஓரம் மடிந்து தானே பூட்டிக்கொள்ளும்.
டீக்மன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"இறைச்சி வெளிறித் தெரியும்."
அதன் நிறமே அதுதானே என்றேன்.
அறையில் யாரோ இருமினார்கள்.
கடைசியில் காளானுக்கு மட்டும் சரி என்றார்.
அதுவும் ஆறு மாதம், வடக்குக் கடைகளில் மட்டும்.

இறாலும் வாத்தும் இன்னும் கறுப்பில்தான்.
அவற்றின் அச்சிலிருந்து அம்புகளைச் செதுக்கி எடுத்துவிட்டேன்.
யாரையும் கேட்கவில்லை.
அந்த இடம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது,
கழுவும்போது யார் விரலுக்காவது தட்டுப்படலாம்.

நேற்று ராத்திரி மிரோஸ்லாவா
ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருந்தாள், நான்கு நொடி.
பேச்சு இல்லை.
பெல்ட்டின் இரைச்சல்,
நடுவே ஒரு புஸ்.

தயிர்க் கிண்ணமாகவும் இருக்கலாம்.
மறுபடி போட்டுக் கேட்டேன்.