ஒன்றும் வராதிருக்க வாங்கிய வாயு

கணக்குப் பிரிவிலிருந்து என்னை அனுப்பினார்கள்,
ரசீது ஒன்று புரியவில்லை என்று.
டியூட்டீரியம் ஒரு குப்பி, சரி.
சாதாரண ஹைட்ரஜன் ஒரு குப்பி, எதற்கு?

சாந்தியாகோவின் கிழக்கு ஓரம், பேருந்து திரும்பும் இடம்.
ஜூன் மாதம். மலைத்தொடரை மூட்டம் எடுத்துக்கொண்டு போயிருந்தது.
இஸ்மேனியா கிலோத்ரான் கையுறை கழற்றாமலே கை கொடுத்தாள்.

உலை என்று நான் எண்ணி வந்தது
செருப்புப் பெட்டிக்குள் அடங்கும்.
சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாய், நடுவே ஒரு கம்பி,
இரண்டுக்கும் இடையே பீங்கான் வளையம்.
மின்னல் அதன் நுனியில் திரண்டு
தன்னைத் தானே நெரித்துக்கொண்டு
ஒரு கணம் சூரியனாகிப் பார்க்கிறது.
கணம் என்பதும் பெரிய சொல்.

"எவ்வளவு மின்சாரம் இழுக்கும்?" என்றேன், தொழில் புத்தி.
மேசையில் கிடந்த எலுமிச்சம்பழத்தை
ஒரு சாண் தூக்கிக் காட்டினாள்.
"ஒரு வெடிப்புக்கு இவ்வளவு."
"எவ்வளவு திரும்ப வரும்?"
பழத்தை வைத்துவிட்டு
வெறும் விரல்களை ஊதினாள்.
கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள்.
போகும். எவ்வளவு போகும் என்று அளக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

ஹைட்ரஜன்?
அது பொய் பிடிக்க, என்றாள்.
டியூட்டீரியம் இணைந்தால் நியூட்ரான் வரும்.
இதில் வரக் கூடாது.
ஒன்றும் வராதிருப்பதைப் பார்க்க வாங்கினேன்.
இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நூறு வெடிப்பு. டக், டக், கதவுத் தாழ்ப்பாள் போல.
எண்ணும் கருவி பதினேழு காட்டியது.
டியூட்டீரியத்துக்கும் நேற்றுவரை பதினேழு, பதினெட்டு.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நோட்டை மார்ச் வரை பின்னால் புரட்டி
பக்கத்துக்கு ஒரு கோடு, அழுத்தாமல், ஸ்கேல் வைத்து.
தணிக்கையில் இருபது வருடம் இருந்தவன் நான்;
தன் கணக்கைத் தானே அடித்த கையை
அதற்கு முன் பார்த்ததில்லை.

வெடிப்பின் இரைச்சலையே கம்பி கேட்டு
நியூட்ரான் என்று சொல்லிவந்திருக்கிறது.
என் எம்பனாதா சுற்றிவந்த அலுமினியத் தாளையும்
வாங்கிக் கம்பியில் சுற்றினாள்.
கொஞ்சம் எண்ணெய் இருந்தது. பரவாயில்லை என்றாள்.
கடைசிப் பேருந்து போய்விட்டது.

ஹைட்ரஜன்: சுழி. மறுபடி சுழி.
குப்பி மாற்றினாள்.
டியூட்டீரியம்: இரண்டு.
பிறகு ஒன்று. பிறகு நெடுநேரம் எதுவுமில்லை,
சின்னதாய் நில அதிர்வு ஒன்று வந்து போனது,
எலுமிச்சை உருண்டு விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.
பிறகு மூன்று.

பதினேழை விட இரண்டு எப்படிப் பெரிதாகும் என்று
மேலதிகாரிக்கு விளக்க எனக்குத் தெரியாது.
ரசீதில் எழுதினேன்:
ஹைட்ரஜன், ஒரு குப்பி. ஒன்றும் வரவில்லை.
தொகை செல்லும்.