ஐந்து மிதவைகள்

கச்சான் காற்று ஓயத் தொடங்கிய வாரம்
சோடா சாப்பாட்டை விட்டாள்.
காரல் மீனை முகர்ந்துவிட்டு
நான்தான் அதைக் கெடுத்ததுபோல் பார்த்தாள்.
பிறகு என் பட்டறையில்
பைபர் ஒட்டக் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தடியில்
இரண்டு நாள் மணலைப் பறித்தாள்.
கிழிந்த வலையை இழுத்துவந்து
சுற்றிச் சுற்றிப்
படுத்தாள்.

மூன்றாம் நாள் பார்த்தால்
வயிற்றோரம் ஐந்து மிதவைகள்.
மச்சான் இன்னாசியின் நண்டு வலையில் கழன்றவை,
நான்கு வெள்ளை, ஒன்று வெயிலில் வெளுத்த ஆரஞ்சு.
ஒவ்வொன்றாய் நக்கிக்கொண்டிருந்தாள்.
எடுக்கப் போன லிவிங்ஸ்டனுக்கு
பல் பதியாத ஒரு கடி.

"எந்தத் தெரு மாப்பிள்ளை?"
கருவாட்டுக் கூடையோடு நின்று சிரித்தாள் பிரகாசியம்மாள்.
நான் விரல்விட்டு எண்ணினேன்.
சந்தியாகப்பர் கொடியேற்றத்தன்று ரத்தம் கண்டது.
அன்றிலிருந்து இருபத்திரண்டு நாள்
ஐஸ்பெட்டி அறையில் பூட்டி வைத்திருந்தேன்.
வெளியே ஏழு கடுவன்கள் தவம் கிடந்தன,
சாவி என் இடுப்பில்.
எண்ணி முடித்தால் ஒன்பது வாரம்.
ஆனால் பின்காம்பு நான்கிலும் பால்.

ஷேர் ஆட்டோ பேசி, பாலம் தாண்டி
ராமநாதபுரம் கால்நடை ஆஸ்பத்திரி.
டாக்டர் நூருல் ஹிதாயா வயிற்றை அமுக்கிப் பார்த்தார்,
பாய்க்கடியில் தொலைந்த ஊசியைத் தேடுவதுபோல்
வெகுநேரம்.
"உங்க சாவிய நான் எப்படி நம்புறது?" என்று
ஸ்கேனும் வைத்தார்.
"உள்ள ஒண்ணுமில்ல. பொய்ச்சினை.
சூட்டுக்கு வந்த எல்லாப் பொட்டைக்கும்
உடம்பு இந்தக் கணக்கைப் போடும்.
சிலது விடையையும் எழுதிரும்."

பிறகு சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டே சொன்னார்:
"பீய்ச்சாதீங்க, சுடுதுணி ஒத்தாதீங்க,
எடுக்க எடுக்கச் சுரக்கும்.
அவளும் நக்கக்கூடாது, ஒரு பனியன் மாட்டுங்க.
தீனியைக் கொஞ்சம் குறைங்க. தண்ணியில கை வைக்காதீங்க.
நல்லா நடக்க விடுங்க.
மிதவைய அவ கண்ணு முன்னால பிடுங்க வேண்டாம்.
மடி கல்லாகிச் சிவந்து சுட்டுச்சுன்னா
அன்னிக்கே தூக்கிட்டு வாங்க."

"மல்லியப்பூ வச்சுக் கட்டினா வத்திரும்"
என்றாள் கிளாடிஸ்.
டாக்டர் சிரிக்கவில்லை.
எப்படித் தெரியும் என்று கேட்கவுமில்லை.
நான் என் கால்நகத்தைப் பார்த்தேன்.
ஒன்பது வருடம் முன்பு, இதே ஊர், பெரிய ஆஸ்பத்திரி.
ஆறு முழம் வாங்கிவரச் சொன்னார்கள்.
பூக்காரி கேட்டாள், "என்ன விசேஷம்?"
அந்தப் பாலுக்கு
யாரும் பொய் என்று பெயர் வைக்கவில்லை.

தேர்தலில் கிடைத்த பனியனோடு
காலையும் மாலையும் குந்துகால்வரை நடந்தாள் சோடா.
கட்சிக்காரர்கள் முறைத்தார்கள்.
நாங்கள் நடக்கும் நேரம் பார்த்து
லிவிங்ஸ்டன் ஒரு மிதவையை எடுப்பான்.
முதல் நாள் வலையைக் கலைத்துத் தேடினாள்.
இரண்டாம் நாள் தேடவில்லை,
மிச்சத்தை நெருக்கி அணைத்துக்கொண்டாள்.
அதைப் பார்த்தபின் பையன்
ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எடுத்தான்.
இரவில் கிளாடிஸ் வள்ளத்தடியில் போய் உட்காருவாள்,
தொடமாட்டாள்,
நண்டு கம்பெனிக் கதைகள் ஏதாவது சொல்வாள்.

ஆரஞ்சு மட்டும் மிஞ்சியது.
"அது கிடக்கட்டும்" என்றாள்.

பதினாறாம் நாள்
மீன் ஏலம் கூவும் சத்தத்துக்கு
சோடா எழுந்தாள், உதறினாள்,
அதைத் தாண்டி ஓடினாள்.
மடி தளர்ந்திருந்தது. அன்று
காரல் தலை பதினொன்று தின்றாள்.

பால் முழுக்க வற்றாமல் கத்தி வைக்கக் கூடாதாம்.
கார்த்திகையில் ஆபரேஷன்,
காலண்டரில் வட்டம் போட்டது கிளாடிஸ்தான்.
மறுநாள் அவளே கேட்டாள், "செஞ்சுதான் ஆகணுமா?"
அடுத்த சூட்டுக்கும் இதேதான் என்றேன்.
சரி என்றும் சொல்லவில்லை.

மிதவையை இன்னாசியிடம் கொடுத்தேன்.
பல்தடம் பார்த்துத் திட்டிக்கொண்டே
வலையில் கட்டினான்.
வள்ளம் தள்ளும்போது சோடா கரையில் நின்று குரைத்தாள்.
அவள்
எல்லா வள்ளத்துக்கும் குரைப்பவள்தான்.