பதினோரு குச்சிகள்

மண்டபத்தைக் காலி செய்ய
விடியற்காலை நான்கு மணிவரைதான் நேரம்.
தெர்மோகோலில் வெட்டிய பெயர்கள் முதலில்,
பிறகு சரிகைத் துணி,
கடைசியில் பூ.
பச்சைப் பஞ்சில் குத்தி நிற்கும் ஓசூர் ரோஜாக்கள்
பந்தி முடிந்து
லைட்டை அணைத்த பிறகும் சிரித்துக்கொண்டிருக்கும்.
அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரே வாரத்தில் மூன்று முகூர்த்தம்.
பொறுக்கிய காம்புகள் பதினொன்று.
ஈரச் சாக்கில் சுற்றி
கொருக்குப்பேட்டை கேட்டில்
சரக்கு ரயிலின் எல்லாப் பெட்டிகளையும் எண்ணி முடித்து
வீடு வந்தேன்.
"இன்னாத்துக்குக்கா இந்தக் குச்சி?
அடுப்புக்கும் ஆவாதே" என்றாள்
கூட வேலை செய்யும் டில்லிராணி.

முதலில் பூவை வெட்ட வேண்டும்.
பூ இருந்தால்
இருக்கிற தெம்பையெல்லாம் அதுவே குடித்துவிடும்,
வேருக்கு மிஞ்சாது.
எதற்குக் காசு கொடுத்தார்களோ
அது முறத்தில் விழுந்தது, பதினோரு முறை.
பிறகு கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு.
முனையில் கற்றாழைச் சோறு.
பெயிண்ட் டப்பாவில் மண்,
மேலே கவிழ்க்க
அடி வெட்டிய தண்ணீர் பாட்டில்.
போர் தண்ணீர் ஊற்றினால் உப்பில் கருகும் என்று
லாரித் தண்ணீரில், குடிக்கிற குடத்திலிருந்து
தினம் ஒரு டம்ளர்.
அதற்கு வீட்டில் சண்டை தனி.

நான்கு குச்சிகளை லோகு கொன்றான்.
வேர் வந்துவிட்டதா என்று
பள்ளிக்கூடம் போகுமுன் பிடுங்கிப் பார்ப்பான்,
வந்து ஒருமுறை பார்ப்பான்.
அடிக்க மனம் வரவில்லை.
அவன் தூங்கிய பின்
நானும் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன்.

மூன்று நுனியிலிருந்து கறுத்தன.
இரண்டு துளிர்த்து ஏமாற்றின.
ஒன்றைப் பூனை சாய்த்தது.
மிச்சமிருந்த ஒன்றை மறந்தே போனேன்.
அதுதான் பிழைத்தது.

எண்ணூர்ப் பக்கம் காற்றடித்தால்
இலையில் சாம்பல் படியும்.
பழைய ஜாக்கெட் துணி நனைத்துத் துடைப்பேன்.
அடியில் இலை சிவப்பாக இருக்கும்,
இப்போதுதான் குளிப்பாட்டிய பிள்ளை போல.

ஆடி மாதம் ஒரு மொட்டு வைத்தது.
"இன்னா கலரும்மா?"
தெரியவில்லை.
தலைகளை வெட்டிய அன்றே
யார் கல்யாணத்துக் குச்சி எது என்று கலந்துபோனது.
பிஞ்சுச் செடி, இப்போதே பூத்தால் தாங்காது.
கிள்ளிப் போட்டேன்.
லோகு அதை எடுத்து
நகத்தால் ஒவ்வொரு தோலாக உரித்தான்.
உள்ளே மஞ்சள்.

மஞ்சள் ரோஜா வைத்தது ஒரு மேடையில்தான்.
தாலிக்கு அரை மணி நேரம் முன்னால்
வேண்டாமென்று எழுந்து வந்த பெண்.
பின்கட்டில், பாத்திரம் கழுவும் இடத்தில்
கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்து
முழு அலங்காரத்தோடு என்னிடம் காபி கேட்டாள்.
சர்க்கரை கம்மியாக.
குடித்துவிட்டு ஆட்டோ பிடித்துத் தரச் சொன்னாள்.
எங்களுக்கு அன்றைக்குப் பாதிச் சம்பளம்.

செடியில், கிள்ளிய இடத்துக்குக் கீழே
இரண்டு கணு வீங்கியிருக்கிறது.
லோகுவிடம் இன்னும் சொல்லவில்லை.