பகுபதம், பகாப்பதம்

காலை ஐந்தரை, குகை மார்க்கெட்.
நஜிமுதீன் கணையத்தைத் தராசில் வைப்பதில்லை.
"நாய்க்குப் போடறது, இதுக்கு எதுக்குக் காசு டீச்சர்?"
நான் டீச்சர் இல்லை, ஆராய்ச்சி மாணவி
என்று மூன்று வருடமாய்ச் சொல்லவில்லை.
ஐஸ் அடைத்த டிபன் டப்பா மடியில் சில்லிட,
ஓமலூர் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெண்
"மீனா?" என்கிறாள்.
ஆமாம் என்கிறேன்.

அரைத்த கணையம் தூங்கும்.
அதே ஆட்டின் சிறுகுடலை
ஒரு கரண்டி வழித்துச் சேர்த்தால்தான்
விழிக்கும்,
விழித்ததும் பசிக்கும்.

முதலில் பால்.
உறைந்த வெள்ளைத் தகட்டில் துளையிட்டு
ஒரு சொட்டு விட்டுப் போனேன்.
மறுநாள் துளையைச் சுற்றி
நாலணா அகலத்துக்கு வெள்ளை இல்லை;
அடியில் கிடந்த நோட்டின் கோடுகள்
அந்த வட்டத்தில் மட்டும் தெரிந்தன.

ஒன்பதாம் வகுப்பில்
வந்தனன் என்பதை
வா, த், த், அன், அன் எனப் பிரித்தேன்.
வா குறுகி வ ஆனதை எழுத மறந்து
அரை மார்க் போனது.
இது மறப்பதில்லை.
எத்தனை நீளச் சங்கிலியானாலும்
லைசின் எங்கே, ஆர்ஜினின் எங்கே என்று தடவிப் போய்
அதற்கு அடுத்த கண்ணியில் வெட்டுகிறது.
அது பாலா, ரத்தமா, யாருடைய சதை
என்று கேட்பதில்லை.

அம்மாபேட்டையில் வாங்கிய பட்டு நூலில்
மேல்பசை கழன்று சுடுநீரில் மிதந்தது.
உள்ளிழையை அது தொடவில்லை.
சீப்பிலிருந்து எடுத்துப் போட்ட என் முடி
இரண்டு நாள் ஊறி
அப்படியே வெளியே வந்தது,
நரைத்த நுனி உட்பட.
பகாப்பதம்.

பிறகு எக்ஸ்ரே.
பெரியாஸ்பத்திரி பழைய பிலிம்கள், கிலோ கணக்கில்.
ஒன்றின் மூலையில்
சடையன், ஆ, 54.
வலது நுரையீரலின் கீழே மூடுபனி மாதிரி ஏதோ.
வெள்ளைக்கல் தூசியோ, பீடியோ.
எனக்குப் படிக்கத் தெரியாது.

முப்பத்தேழு டிகிரி, பதினைந்து நிமிடம்.
ஜெலட்டின் இளகிச் சுருண்டது.
அப்போதுதான் கவனித்தேன்:
பிலிமில் எலும்பு என்பது ஒன்றுமில்லாத இடம்.
அதைச் சுற்றிய இருட்டுதான் வெள்ளி.
சடையன் என்ற பெயரும்
இருட்டு விட்டுவைத்த இடைவெளிதான்.
இருட்டு உதிர்ந்து குவளையின் அடியில் படிய,
விலாவுக்கும் வெளிக்கும் வித்தியாசம் போய்
கையில் மிஞ்சியது
இளநீலத் தாள் ஒன்று.
ஜன்னலில் வைத்துப் பார்த்தேன்,
சேர்வராயன் கொஞ்சம் கூடுதல் நீலமாய் இருந்தது.

அந்தக் கசடைச் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
உருக்கிக் கொடுத்தார்கள்.
கடுகை விடச் சின்னது.
"கொலுசுத் திருகுக்குக்கூட ஆகாதும்மா" என்றார்
தறுவாயன், ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமலே.

மே மாதம், பதினோரு மணி நேரம் கரண்ட் இல்லை.
ஃபிரீசரைத் திறந்தபோது
குப்பிகளில் தெளிந்த நீர்.
பாலில் விட்டேன், வட்டம் விழவில்லை.
நூலில் விட்டேன், பசை அப்படியே.
வெட்ட எதுவும் கிடைக்காத இருட்டில்
அதன் உடம்பிலும் இருந்தன
அதே லைசின், அதே ஆர்ஜினின்.

நான்கு ஆட்டுக் கணையம்.
நோட்டில் செயல்திறன் என்ற பத்தியில் சுழியம் போட்டு,
வெட்டுப்பட்ட பொருள் என்ற பத்தியில்
நொதியின் பெயரையே எழுதினேன்.

நாளை ஞாயிறு.
கடையில் கூட்டம் இருக்கும்,
நாலரைக்கே போக வேண்டும்.