கை தூக்காதவள்

இறையழைத்தல் ஞாயிறு. எட்டாம் வகுப்பு.
மறைக்கல்வி அறையில் சிஸ்டர் கிளெமான்ஸ் கேட்டார்:
"யாருக்கெல்லாம் அழைத்தல் இருக்கு? கை தூக்குங்க."
ஏழு கைகள். பிலோமின் இரண்டையும் தூக்கினாள்.
என் கை டெஸ்குக்கு அடியில்
காய்ந்துபோன பபிள்கம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

சத்தியமாக, எனக்கு எதுவும் கேட்டதில்லை.
நெல்லித்தோப்புக் கோயிலில்
ஆறு மணிப் பூசைக்கு அரைமணி முன்னால் போய்
காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்ததுண்டு.
மணி கேட்கும். மீன் விலை கேட்கும்.
விழுப்புரம் பஸ்சின் ஹாரன் கேட்கும்.
எஸ்பெரான்ஸ் என்ற என் பெயர்
கடவுளின் நாக்கிலும் நுழையவில்லை போலும்
என்று நினைத்துக்கொண்டேன்.

பிலோமின் மடத்துக்குப் போனாள்.
நான் சிக்னல் பக்கம் மருந்துக்கடைக்கு, பில் போட.
பதினொரு வருஷம்.
"சில்லறை இருக்கா?" என்பதுதான்
அங்கே நான் அதிகம் சொன்ன ஜெபம்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒருவன் சீட்டை நீட்டினான்.
"சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு."
விழித்தான். உரக்கச் சொன்னேன்.
இன்னும் உரக்க.
தெருவே திரும்பியது, அவனைத் தவிர.
நான் அடுத்த சீட்டுக்கு அலமாரிப் பக்கம் திரும்ப,
கவுண்டர் மேல் எட்டி
என் தோளில் இரண்டு முறை தட்டினான்.

அறையலாமா என்று திரும்பினேன்.
காது கேளாதவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்,
தோளைத் தட்டி, தரையை உதைத்து,
விளக்கை அணைத்து ஏற்றி.
எனக்கு அப்போது தெரியாது.

அந்துவான். வெல்டர். அரியாங்குப்பம்.
மனைவி மார்கிரெத்துக்கும் கேட்காது.
கடை மூடியபின் அவர்கள் வீட்டில் கற்றேன்.
என் விரல்கள் விறகுக் கட்டைகள்.
மாத்திரை என்று நான் காட்டியது வேறெதுவோ;
மார்கிரெத் சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள்.
என்னவென்று இன்றுவரை சொல்லவில்லை.
என் தாடை மச்சத்தைத் தொட்டு எனக்குப் பெயர் வைத்தார்கள்.
அதைக் கூப்பிட நாக்கே வேண்டாம்.

ஆண்டவர் பெயருக்கு
இந்த உள்ளங்கை நடுவில் ஒரு விரல்,
அந்த உள்ளங்கை நடுவில் ஒரு விரல்.
முதல்முறை செய்தபோது
ஷட்டர் கிழித்த காயத்தில் பட்டு எரிந்தது.

இப்போது ஞாயிறுகளில்
ஃபேன் காற்று எட்டாத தூணோரம் நிற்கிறேன்.
பதினான்கு பேர் என் கைகளைப் பார்க்கிறார்கள்.
சாமியார் வேகமெடுத்தால் எனக்கு வியர்க்கிறது.
வாரநாட்களில் பேங்க், போலீஸ் ஸ்டேஷன், ரேஷன் கார்டு.
கூலி ஒரு டீ. சில நாள் வசவு.
ஒரே ஒரு இரவு போனை அணைத்துவிட்டுத் தூங்கினேன்.
அந்த இரவுதான் மார்கிரெத்துக்கு வலி கண்டது.
நர்சுகள் வாயசைப்பதைப் பார்த்தபடியே பெற்றெடுத்தாள்.
காலையில் போனேன். என்னை ஒன்றும் கேட்கவில்லை.
குழந்தை வீறிட்டது.
அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களில்
என் ஒருத்திக்குத்தான் அது கேட்டது.

பாவசங்கீர்த்தனத்துக்கும் நான் போகவேண்டும்.
அவர்கள் கை சொல்வதை என் வாய் சொல்லவேண்டும்,
அதுவும் "நான்" என்றே.
நான் திருடினேன், சாமி.
நான் பிள்ளையைப் பெல்ட்டால் அடித்தேன்.
நான் செத்துப்போகப் பார்த்தேன்.
வெளியே வந்ததும்
எது யாருடையது என்று மறந்துவிடவேண்டும்.
மறக்கிறேன்.
அந்த "நான்" மட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டு வருகிறது,
பல்லிடுக்கில் வேர்க்கடலைத் தோல் மாதிரி.
சாமியார் கை உயர்த்தி மன்னிக்கும்போது
நடுவில் நிற்பவள் மேலும்
கொஞ்சம் சிந்தாமலா போகும்.

போன மாதம் பிலோமின் மடத்திலிருந்து வந்திருந்தாள்.
கடை வாசலிலேயே கேட்டாள்:
"உனக்கு எப்ப கேட்டுச்சு?"
"கேக்கல" என்றேன்.
தோளைத் தொட்டுக் காட்டினேன்.
"வலியா?" என்றாள்.
"சில நாள்."